வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு முடிச்சு

சிறுவாச்சூர்க் கோயில் வாசலில் நிற்கிறேன். கையில் தேங்காய், பழம், எலுமிச்சம்பழ மாலை. மடியில் இரண்டு பொட்டலம். ஒன்றில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. கோயில் கதவு பூட்டிக் கிடக்கிறது. பூசாரியைக் காணோம், பூக்கடையைக் காணோம். படியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதுவும் எழுந்து போய்விட்டது.

அன்றைக்குக் கிழமை செவ்வாய்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் அம்மன் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. பெரம்பலூர்ப் பக்கத்தில் இது தெரியாத சின்னப் பிள்ளை கிடையாது.

எனக்கும் தெரியும். அதுதான் வேடிக்கை. முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தவன் நான். வழியில் மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது, தேங்காய் அழுகலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மாற்றுத் தேங்காய் ஒன்று வேறு பையில் போட்டுக்கொண்டு வந்தவன். இத்தனையும் யோசித்த மண்டைக்குக் கிழமை மட்டும் தோன்றவில்லை.

என் சம்சாரம் மருதாயி புளிச்சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாற்றுத் தேங்காயை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

எறங்கிப் பாக்குற டிரைவரு

எதற்காக அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

நான் அப்போது கரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்த காலம். பெட்ரோல் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் போய், ரயிலுக்கு ஆள் இறக்கி, ரயிலில் வந்த ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவது என் வேலை. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஊர் போய்ச் சேரும்போது டிரைவர், கிளீனர், பிரயாணி எல்லாருக்கும் ஒரே நிறம்தான்.

அந்த வண்டிக்கு நான் டிரைவர். என் மனசுக்கு டிரைவர் யாரும் இல்லை.

சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அப்படி. ஒன்றை நினைத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். வண்டியில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். அடுப்பு மூடி சரியாக மூடியிருக்கிறதா? பொறி பறந்து யாராவது வைக்கோல் போரில் விழுந்தால்? போர் எரிந்தால் வீடு எரியுமே, வீட்டில் தூளியில் பிள்ளை தூங்குமே? இப்படியே போகும். அரியலூர் வருவதற்குள் என் மனசுக்குள் ரெண்டு ஊர் எரிந்து சாம்பலாகியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, சக்கரம் எதிலாவது ஏறி இறங்கினால் வருவது. ரோடு முழுக்கப் பள்ளம்தான், தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? ஆனால் ஒவ்வொரு தூக்கலுக்கும் மனசு கேள்வி கேட்கும். ஆடோ? கோழியோ? மனுஷப் பிள்ளையோ? வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த கியரே விழும்.

பாதை ஓரத்து ஊர்களில் எனக்கு வைத்த பெயர் 'எறங்கிப் பாக்குற டிரைவரு'. நான் ஓட்டிய காலத்தில் ஒரு கோழிகூட என் சக்கரத்தில் சிக்கியது கிடையாது. மனசுக்கு அதைச் சொன்னால் கேட்கவா செய்யும்? இனிமேல் சிக்கினால் என்ன செய்வாய் என்று அது திருப்பிக் கேட்கும்.

ஒரு பனம்பழம் செய்த வேலை

ஒரு நாள் ஏரி மதகு வளைவில் வண்டி தொப்பென்று ஏறி இறங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரோட்டில் நசுங்கிய பனம்பழம் ஒன்று கிடந்தது. சரி என்று வந்து வண்டியில் ஏறினேன். ஏறியதும் மனசு கேட்டது, சத்தம் பனம்பழச் சத்தம் மாதிரியா இருந்தது? மறுபடி இறங்கிப் போனேன். வரப்பு ஓரம், மதகுக்கு அடியில், காரைச் செடிப் புதர் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். உள்ளே ஜனங்கள் கரிப் புகையில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வண்டியில் கோர்ட்டு வாய்தாவுக்கு விழுப்புரம் போக வேண்டிய ஒருவர் இருந்தார். நாங்கள் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. அந்த மனுஷர் என்னை ஒன்றும் திட்டவில்லை. நேராக முதலாளியிடம் போய்விட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். உன்னை மாதிரி பொறுப்பான ஆள் எனக்குக் கிடைக்க மாட்டான், ஆனால் ரயிலுக்குப் போகிற வண்டியை இப்படி ஓட்ட முடியாதப்பா என்றார். வழியில் இறங்காமல் ஓட்டுவதானால் ஓட்டு, முடியாது என்றால் சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்கிறேன், சனிக்கிழமைக்குள் எனக்குப் பதில் வேண்டும் என்றார்.

ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. பிடித்தாலோ நிம்மதி கிடையாது. இந்த மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நிம்மதி தேடிய கதை

நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. அரியலூரில் ஒரு வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துப் பித்தம் என்றார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். குளித்தேன். அதன் பிறகு, எண்ணெய்க் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தால் வழுக்குமோ என்று புதுக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது.

திருமானூரில் ஒருவர் தாயத்துக் கட்டிவிட்டார். கயிறு அறுந்து தாயத்து விழுந்துவிட்டதா என்று மணிக்கட்டைத் தடவித் தடவி எனக்கு அங்கே புண்ணே வந்துவிட்டது.

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டில் ஒரு சாமியார் இருக்கிறார் என்றார்கள். போய்க் காலில் விழுந்தேன். மனசை அடக்கு என்றார். எப்படி சாமி அடக்குவது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன், கண்ணைத் திறக்கவே இல்லை. அவருக்கு நிம்மதி இருந்தது, சந்தேகமில்லை.

கடைசியில்தான் சிறுவாச்சூர் அம்மனிடம் பூப் போட்டுக் கேட்பது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியத்துக்கெல்லாம் இப்படிக் கேட்பது உண்டு. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அம்மன் வாக்கு அதுதான். வெள்ளை வந்தால் ஓட்டுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கரி அடுப்பில் ஓட்டை அடைக்க வண்டியை ஷெட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு லீவு. லீவு கிடைத்த அவசரத்தில் கிளம்பியதுதான் அந்தப் பயணம்.

அவளுக்கே ரெண்டு நாள்தான்

கோயிலுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் மருதாயி தூக்கைத் திறந்து இலையில் சோறு வைத்தாள். நான் இலையைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை என்று உனக்குமா தெரியவில்லை என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

தெரியும் என்றாள். குரும்பலூரில் வீட்டைப் பூட்டும்போதே தெரியுமாம். பெரம்பலூருக்கு நடந்து வரும்போதும் தெரியும், திருச்சி பஸ்ஸில் ஏறும்போதும் தெரியும். சொன்னால் கேட்கிற நிலைமையிலா நீங்கள் இருந்தீர்கள், கதவு மூடியிருப்பதை நீங்களே கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் கூட வந்தேன் என்றாள்.

அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். அவள் நிதானமாக ஊறுகாயை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள்.

"அவளே வாரத்துல ரெண்டு நாளுதான் கதவத் தொறக்குறா," என்றாள். "ஊரு ஒலகத்துக் கொறையெல்லாம் அவகிட்டதான வருது? ரெண்டு நாளு ஒக்காந்து கேட்டுட்டு, மத்த நாளு மலைக்குப் போயிடுறா. நீங்க ஏழு நாளும் தொறந்து வச்சிருக்கீங்களே, நீங்க என்ன அவளுக்கும் மேலயா?"

நான் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

என் தோளில் கிடந்த துண்டை இழுத்து அதன் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். நேர்த்திக்கடன் இருந்தால் மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு, கோயிலுக்குப் போகும்போது அவிழ்ப்போம் இல்லையா, அதே மாதிரி இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கவலை வந்தால் விரட்ட வேண்டாம். ஒரு முடிச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இங்கே வந்து எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கவலைப்படுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன் என்றாள்.

கவலைப்படாதே என்று எனக்குச் சொன்னவர்கள் ஆயிரம் பேர். கவலைப்படு, ஆனால் வெள்ளிக்கிழமை படு என்று சொன்னவள் என் மருதாயி ஒருத்திதான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் புத்தியை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முடிச்சுத் துண்டு

புதன்கிழமை வண்டி எடுத்தேன். அதே மதகு வளைவு. அதே தொப்.

கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கையால் துண்டில் முடிச்சுப் போட்டேன். வண்டி நிற்காமல் போனது. பின்னால் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கிளீனர் பிச்சை, என்னைவிட மூத்த ஆள், மீசைக்காரர். வண்டி நிற்காததைப் பார்த்துப் பயந்துபோய், டிரைவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வேர்த்து ஊற்றியது. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு ஒரு பதில் என் கையில் இருந்தது. இல்லை, ஒன்றும் ஆகாது என்று சொன்னால் அது சண்டைக்கு வரும். வெள்ளிக்கிழமை என்றால் அதற்கு மேல் என்ன பேசும்? முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும்.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் துண்டு முழுக்க முடிச்சு. முகம் துடைக்க இடம் இல்லை. ரயில் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை

கோயிலில் கூட்டம் நெரிந்தது. மாவிளக்கு வாசனையும் வேப்பிலை வாசனையும் கலந்து வந்தன. மருதாயி பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் ஒரு தூண் ஓரம் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

முதல் முடிச்சு எனக்கு ஞாபகம் இருந்தது, மதகு வளைவு. அடுத்தது எதற்கு? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அடுப்பு மூடிக்கா, பாலத்துக்கா, வழியில் முறைத்துப் பார்த்த அந்த மாட்டுக்கா? வரவே இல்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உயிரே போகிற மாதிரி நினைத்துப் போட்ட முடிச்சுகள்தான் அத்தனையும். துண்டு வெறும் துண்டாகிவிட்டது. நான் தனியே உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி, ஓட்டுவதா விடுவதா. அதற்குத்தான் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த பூப் பொட்டலம் மடியில் இருக்கிறதே என்று எழுந்தேன்.

அப்போது தூணுக்கு அந்தப் பக்கம் மருதாயியின் குரல் கேட்டது. அழுதுகொண்டே, ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அம்மனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் செல்லமுத்து எந்த ஊருல இருக்குதோ, இருக்குதோ இல்லையோ, எனக்குச் சொல்லுறவங்க யாரும் இல்ல. அது சாப்புட்டுச்சான்னு நீதான் பாக்கணும். இவரு தெனம் நெருப்ப முதுகுல கட்டிக்கிட்டு ரோட்டுல போறாரு. ராத்திரி இவரு சைக்கிள் மணி வாசல்ல கேக்குற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. இவரையும் பாத்துக்க."

செல்லமுத்து எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மலாய்க்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். நான் அவரைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து தகவல் கிடையாது. மருதாயி வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை. சரி, இவளுக்குக் கல் நெஞ்சு, கவலை என்றால் என்னவென்றே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூண் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அவள் கையில் முந்தானை நுனி இருந்தது. அதில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும், வெற்றிலை பாக்கு என்று நினைத்திருந்தேன். அவிழ்த்து வைத்திருந்தாள், உள்ளே நேர்ந்து முடிந்த விரலி மஞ்சள் ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மஞ்சளை மறுபடி வைத்து இறுக்கி முடிந்தாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான் தாயே. மிச்சம் திங்கக்கெழம."

திங்கள், வெள்ளி விளக்கேற்றும்போது வீட்டில் அவள் அத்தனை நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேப்பமரத்தடியில் எனக்குக் கொடுத்தது அவள் அன்றைக்கு யோசித்துச் சொன்ன யோசனை இல்லை. அவள் அதில்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தாள். என்னுடையதைவிடப் பெரிய நெருப்பை வைத்துக்கொண்டு, சோறு பொங்கி, சிரித்து, என்னையும் கேலி பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் முன்னால் நான் எம்மாத்திரம்?

கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள். முகத்தில் அழுத சுவடே இல்லை. பூப் போட்டாச்சா, என்ன வந்தது என்று கேட்டாள்.

சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்து அம்மனுக்குப் போட்டேன். வெள்ளைப் பொட்டலத்தில் இருந்தது முல்லை. அதை அவள் கையில் கொடுத்துத் தலையில் வைத்துக்கொள் என்றேன். வெள்ளைதான் வந்தது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டாள். மறுநாள் முதலாளியிடம் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் இறங்கினேன்

அதன் பிறகு கவலை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இன்றைக்கும் கூடவேதான் இருக்கிறது. ஆனால் திங்கள், வெள்ளியில் வருகிறது. இந்தச் சங்கதி எப்படியோ பாதை முழுக்கப் பரவிவிட்டது. ரயிலுக்கு அவசரமாகப் போகிறவர்கள் அந்த ரெண்டு நாளும் என் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், இன்றைக்கு எத்தனை இடத்தில் இறங்குவீர்கள் என்று கேலியாகக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கரி பஸ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கிய ஒருவர் வந்து என் முதுகுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, கையில் ஒரு சாக்குப் பை. பாதி தூரம் போனதும், பெரம்பலூரில் இறங்கினால் குரும்பலூருக்கு எப்படிப் போவது என்று மெதுவாகக் கேட்டார்.

குரும்பலூரில் யார் வீட்டுக்கு என்றேன்.

"தங்கச்சி வூட்டுக்குங்க. மருதாயின்னு பேரு. பஸ் ஓட்டுறவருக்குக் கட்டிக் கொடுத்ததாக் கேள்வி. இருக்குதோ என்னமோ."

பிரேக் போட்டேன். நடு ரோட்டில் வண்டி நின்றது. கீழே இறங்கினேன். உள்ளே ஒரே முணுமுணுப்பு. டிரைவரே, இன்றைக்குப் புதன்கிழமைதானே, எதற்கு இறங்குகிறீர்கள் என்று பிச்சைகூடக் கேட்டார். நான் சுற்றிக்கொண்டு போய் அந்த மனுஷரின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். மச்சான், மருதாயி வீட்டுக்காரன் நான்தான் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை நான் டிரைவர் வேலையை விட்டிருந்தால் அவரை வேறு யாரோ ஏற்றி, வேறு எங்கோ இறக்கிவிட்டிருப்பார்கள்.

குரும்பலூர் போய்ச் சேர்ந்தபோது மருதாயி வாசலில் காயப்போட்ட பருத்தியை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பருத்தியைக் கூடையில் வைத்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

காலிச் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, இன்னைக்குப் புதன்கிழமைதான?"

ஆமாம் என்றேன்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காதுங்க," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமாக மிச்சம் வைத்த அழுகையும் அன்றைக்குத்தான் வந்தது.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது, முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன்.